முழ நீள வால்

எங்கள் வீட்டில் தூளி கட்டினால், கயிற்று முடிச்சுக்குக் கீழே இரண்டு பக்கமும் மிச்சக் கயிறு முழ நீளத்துக்கு வாலாகத் தொங்கும். வெட்ட மாட்டோம். வந்தவர்கள் எல்லாம் அசிங்கமாக இருக்கிறதே என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் பாவா, என் அக்காவின் புருஷன்.

யுத்த காலம் அது. திருத்தணி மலையடிவாரத்தில் ஒரே வீட்டில் இரண்டு தறி, ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. நூல் வராமல் இரண்டும் நின்றுபோயின. சும்மா உட்கார எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நகரிப் பக்கத்து மலையிடுக்கில் அருவியை ஒட்டி ஒரு செங்குத்துப் பாறை உண்டு, அதன் தலையில் நின்றால் நம் தணிகை மலை தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போதாதா? கேழ்வரகு மாவு, பூண்டுத் துவையல், ஒரு சட்டி, இரண்டு கிணற்றுக் கயிறு, இவ்வளவுதான் மூட்டை. அக்கா அப்போது ஏழு மாசம். வாசல்வரை வந்து, "ரெண்டு பேரா போறீங்க. ரெண்டு பேரா வந்து சேருங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

பாறைக்கு அடியில் இருந்த சுனையோரம் மணலில் அடுப்பு மூட்டிக் களி கிண்டிச் சாப்பிட்டு, அங்கேயே படுத்தோம். விடிந்ததும் பாறையை அண்ணாந்து பார்த்தேன். மூன்று தென்னை உயரம் இருக்கும். ஒரு கயிறு பத்தாது. பாவா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். தறியில் அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற விரல்கள் அவை. முடிந்த கையோடு, மிச்ச நுனிகளைக் கத்தியால் ஒட்ட நறுக்கிவிட்டார். நூலில் அப்படித்தான் நறுக்குவோம், இல்லாவிட்டால் தறியின் அச்சுப் பற்களில் மாட்டிக்கொள்ளும். நானும் நெசவாளிதானே? பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தப்பென்று தோன்றவே இல்லை.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாறை வெடிப்பில் கால் பொருத்தி முதலில் நான் ஏறினேன். உச்சியில் ஒரு காட்டத்தி மரம். அதில் கயிற்றை இறுக்கிக் கட்டிக் குரல் கொடுத்தேன். பாவா கயிற்றைப் பிடித்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏறினார். பாதி வந்திருப்பார். அவர் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் அந்த முடிச்சு இருந்தது. அவர் இழுக்க இழுக்க, நறுக்கிய நுனி முடிச்சுக்குள்ளே நழுவிப் போவதை மேலிருந்து கண்ணால் பார்த்தேன்.

"பாவா, கயித்த நம்பாதீங்க. பாறைய புடிங்க" என்றேன். ஏன் என்று கேட்காமல் பாறையோடு ஒட்டிக்கொண்டார். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். அடுத்த மூச்சில் முடிச்சு அவிழ்ந்து, கீழ்க் கயிறு அவர் தோளில் உரசிக்கொண்டு சுனையில் விழுந்தது. மேல் கயிற்றின் நுனிக்கும் அவர் கைக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் வெறும் பாறை. நான் ஏறிய வழிதானே? இடது கால் எங்கே, வலது கை எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றாக வைத்து வந்து நுனியைப் பிடித்தார்.

மேலே வந்ததும் அந்த நுனியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தினி வருசமா துணியில என் முடிச்சு எங்கன்னு ஒருத்தனும் கண்டுபுடிச்சதில்ல" என்று சிரித்தார். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பயந்து ஊர் திரும்பினோம் என்று நினைக்க வேண்டாம். பின்பக்கச் சரிவில் இறங்கி, மறுநாள் காலை, முழ நீள வால் விட்டு முடிந்த கயிற்றோடு அதே பாறையில் மறுபடி ஏறினோம். முதல் நாள் பார்க்கவே தோன்றாத தணிகை மலை அன்று தெரிந்தது.

அக்கா கேட்டபடி இரண்டு பேராகவே வந்து சேர்ந்தோம். இரண்டு மாசத்தில் பெண் பிறந்தது. தூளிக் கயிற்றை பாவாவே கட்டினார், வாலை நறுக்கவில்லை. அக்கா ஏனென்று கேட்டதற்கு, குழந்தை பிடித்து விளையாடட்டும் என்றார்.

இன்று அவரும் இல்லை, அக்காவும் இல்லை. அந்தப் பெண் தன் பேரனுக்குத் தூளி கட்டிவிட்டு, போன வாரம் கத்தரிக்கோலோடு வந்தாள். "எதுக்கு மாமா இவ்ளோ நீளம் தொங்கிகினு? வெட்டிடறேன்" என்றாள்.

"வேணாம்மா. உங்க நைனா ஒரு தரம் வெட்டினாரு" என்றேன். "அப்ப நீ வயித்துல இருந்த."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.