கயிற்றில் கட்டிய நோட்டு

பிள்ளைகளே, பேராவூரணிக்கு பிரவுசிங் சென்டர் வந்த புதிதில் அதை ஒரு அம்மா நடத்தினார். அவர் மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். சொந்தமாக வெப்சைட் செய்ய உதவும் முகவரிகளை ஒரு நோட்டில் தமிழ் விளக்கத்தோடு எழுதி, எல்லோரும் பார்க்கட்டும் என்று மேசையில் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

வாய்க்காலின் கடைசியில் இருக்கும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்த செய்தியை வெளிநாட்டுச் சொந்தங்கள் படிக்க இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்யலாம் என்று போனேன். வெப்சைட் வைக்க இலவசமாக இடம் தரும் தளங்களை எழுதிய தாளை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள். தலைமடைக்காரர் வாய்க்காலை மறித்ததுபோல் எனக்கு ஆத்திரம் வந்தது.

“யாருன்னு தெரியுமாங்க?”

“பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்குற சார்தான். தன்கிட்ட மட்டும் இருக்கணுமாம். இது மூணாவது தடவை.”

“சும்மாவா விட்டீங்க?”

“எங்க விட்டேன்? மூணு தடவ கிழிச்சீங்களே, ஒரு வெப்சைட்டாவது போட்டீங்களான்னு நல்லாக் கேட்டுட்டேன்.”

சொல்லிக்கொண்டே, கிழிந்த தாளில் இருந்ததை நினைவிலிருந்தே இரண்டு படி எழுதினார். ஒன்றை நோட்டில் ஒட்டினார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

“போற வழிதானே, அந்த சாருகிட்ட குடுத்துடுங்க. இத வச்சாவது ஒண்ணு போடட்டும்.”

கொடுத்தேன். அந்த ஆள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கே எழுதிக் கொடுக்கும் மனம் அந்த அம்மாவுக்கு எப்படி வந்ததோ, இன்றுவரை தெரியவில்லை.