சாத்தக் கூடாத கதவு

கண்ணாடிக்காரர் கண்ணாடி போடுவதில்லை. தலைமுடி மாதிரி மெல்லிசான கண்ணாடி இழைகளை முனையோடு முனை ஒட்டுவது அவர் பிழைப்பு. பொறுமைசாலி என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். மனைவியைக் கேட்டால், "அந்தப் பொறுமையெல்லாம் இழைக்கு மட்டும்தான். சாப்பாடு கொஞ்சம் தாமதமாகட்டும், அப்ப வந்து பாருங்க" என்பாள்.

நகரத்து ஆஸ்பத்திரியின் நிலத்தடித் தளத்துக்கு போன் சிக்னல் கொண்டுவந்தது அவர்தான். ரேடியோ அலை அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. ஆகவே மொட்டை மாடியில் அதை ஒளியாக்கி, இழை வழியாகக் கீழே அனுப்பி, அங்கே கூரையில் பதித்த ஆன்டெனாக்களில் மறுபடி அலையாக்க வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது, ஓர் இழை ஒரு சாண் குறைந்துபோனதைத் தவிர. இணைப்புப் பெட்டியின் கதவைச் சாத்தினால் அந்த இழை மடங்கும். மடங்கினால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும், கீழே ஒரு போனும் பேசாது.

"நீளமான இழை அடுத்த வாரம் வந்துடும், அதுவரைக்கும் எப்படியாவது ஒப்பேத்துப்பா" என்றார் கான்ட்ராக்டர். இவரும் அட்டையை மடித்துக் கதவிடுக்கில் செருகி, 'சாத்தாதீர்கள்' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தார். இந்தத் தொழிலில் இப்படி அட்டைகளின் தயவில்தான் பாதி உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த அடுத்த வாரம் மட்டும் வரவே இல்லை.

அதே நிலத்தடித் தளத்தில் தன் மனைவிக்கே இதய ஆபரேஷன் நடக்கும் என்று அவர் கண்டாரா? நாளைக்குத்தான் என்று டாக்டர் சொன்னதை நம்பி, ஒரு நாள் வேலைக்காக மலைமேல் போன் கோபுரத்துக்குப் போயிருந்தார்.

"போய்ட்டு வாங்க. ஆனா உங்க குரலைக் கேட்காம நான் உள்ள போகமாட்டேன், சொல்லிட்டேன்" என்று மனைவி சொல்லி அனுப்பினாள். அவள் பயந்த சுபாவம். பயமாக இருக்கிறது என்று மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டாள்.

மதியம் மகளிடமிருந்து செய்தி வந்தது: 'இன்னைக்கே ஆபரேஷனாம். கீழ போனதும் கூப்பிடறோம்.' அதன் பிறகு சத்தமே இல்லை. இவர் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இவர் போனில் சிக்னல் முழுசாக இருந்தது. சட்டென்று விஷயம் புரிந்தது. ஆஸ்பத்திரி வாசல் காவலாளியின் மேசை போனுக்கு அடித்தார்.

"மாடிப்படிக்கு அடியில ஒரு இரும்புப் பெட்டி இருக்கே, அதோட கதவு திறந்திருக்கா?"

"காலைல நான்தாங்க சாத்தினேன். அதிகாரிங்க பார்வையிட வர்றாங்க, எல்லாம் சுத்தமா இருக்கணும்னாங்க."

"எழுதி ஒட்டியிருந்தேனே."

"பசை விட்டுக் கீழ கிடந்துச்சு. குப்பைன்னு நெனச்சேன்."

"பரவால்ல, இப்பத் திறந்துடுங்க."

"சாத்தினா அதுவா பூட்டிக்குதுங்க. சாவி யார்கிட்ட இருக்கோ."

கண்ணாடிக்காரரின் கை தானாகத் தன் பைக்குள் போனது. சாவி இருந்தது. திறந்தே கிடக்கும் கதவுக்குச் சாவி எதற்கு என்று அன்று பையில் போட்டுக்கொண்டவர் இவரேதான்.

"உடைச்சிடுங்க."

"என் வேலை போயிடுங்க."

"அப்ப கீழ போய் என் மகளை மேல வரச் சொல்லுங்க."

"வாசலை விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவுங்க."

அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவன் இடத்தில் இருந்தால் இவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கிடைத்த வேனில் ஏறிக் கீழே இறங்கினார். ஒரு கையில் சாவி, ஒரு கையில் போன், இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாதி மலையில் போன் அடித்தது. மகள்.

"அப்பா, ரோட்டுக்கு வந்து பேசறேன். அம்மாவை உள்ள கொண்டுபோய்ட்டாங்க."

"என்னம்மா சொன்னா?"

"கதவு வரைக்கும் போனைக் காதுலயே வச்சிருந்தாங்க. நர்ஸ் கேட்டதுக்கு, 'அவர் பேசிட்டாரு, தைரியமா இருன்னாரு'ன்னு சொல்லி, போனை என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. எனக்குக் கொஞ்சம்கூட சிக்னல் இல்லையேப்பா. நிஜமாவே பேசினீங்களா?"

வேன் அடுத்த வளைவில் திரும்பியது.

"பேசினேம்மா" என்றார்.