வால் குழாயில் ஊற்றாத எண்ணெய்

நேற்று சுங்குவார்சத்திரத்தில் கதவுக்கு வார்னிஷ் வாங்கப் போனேன். கடைக்காரர் ஆளிவிதை எண்ணெய் டின்னைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் தயாளன் முகம் வந்துவிட்டது. பழி தீர்த்த பிறகும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது, என்ன செய்ய.

வடக்குப்பட்டுப் பக்கம் குட்டி விமானங்களைப் பழுதுபார்க்கும் ஷெட் ஒன்று இருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்து அங்கே சேர்ந்தேன். துணியை உரித்தால் விமானம் என்பது வெறும் இரும்புக் குழாய்ச் சட்டம்தான். குழாய்க்குள் ஈரம் தங்கினால் வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்னும். அதனால் சின்ன ஓட்டை போட்டு, சூடான ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, நாலு பேர் பிடித்துச் சட்டத்தையே புரட்டுவோம். பிறகு வடித்து ஓட்டையை அடைப்போம். இதற்குச் சனிக்கிழமைதான். விமானத்துக்கும் எண்ணெய்க் குளியல் என்று சிரித்துக்கொள்வோம்.

அப்படி ஒரு சனிக்கிழமை, வால் குழாய்கள் மட்டும் பாக்கி. சூப்பர்வைசர் தயாளன் வந்தார்.

"வாலுக்கு இன்னாத்துக்கு எண்ணெ? உள்ள எவன் பாக்கப் போறான்? அடைச்சுட்டு துணியப் போடு."

"தண்ணி அங்கனதான சார் போய் நிக்கும்."

"சொன்னத செய்."

செய்தேன். அதுதான் என் தப்பு. சில மழைக்காலங்கள் கழித்து அதே விமானம் வால் குழாய் இற்றுப்போய்த் திரும்பி வந்தது. முதலாளியும் கூட வேலை செய்த ஏழு பேரும் பார்க்க, தயாளன் என்னைக் காட்டினார். "இவன்தான் ஊத்தாம வுட்டான். சோம்பேறி." அன்றே வேலை போயிற்று. ஆறப்போட்டால் கோபம் தணியும் என்பார்கள். என்னுடையது கெட்டிப்பட்டது.

இப்போது நான் விமானச் சட்டங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். தயாளன் இப்போது பழைய விமானங்களை வாங்கி விற்கிறார்; போன மாதம் அப்படி ஒன்றை விற்கக் கொண்டுவந்தார். வாங்குபவரும் கூட இருந்தார்.

"நம்மாளுதான்" என்று அவரிடம் என்னைக் காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "சீக்கிரம் முடிச்சு வுடு."

துணியை விலக்கி வால் குழாயைத் தட்டினேன். சத்தமே சொல்லிவிட்டது. குத்தூசியை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே குத்துங்க சார்."

பெயின்டைத் தாண்டிப் பொதக்கென்று இறங்கியது. வாங்க வந்தவர் நேரே போய்க் காரில் ஏறினார். ஒளிப்பானேன், அன்று மதியம் இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன்.

சாயங்காலம் வடக்குப்பட்டுக்குப் போனேன், அந்த ஏழு பேரிடம் சொல்ல. ஷெட் இருந்த இடத்தில் கார் உதிரிபாக குடோன். ஏழு பேரில் ஒருவர் நம்பர்கூட என்னிடம் இல்லை. கேட்டில் நின்ற செக்யூரிட்டியிடம் சொன்னேன்.

"இங்க முன்னாடி ஒரு விமானத்துக்கு எண்ணெ ஊத்தாம வுட்டாங்க. ஊத்த வேணாம்னு சொன்னது தயாளன். நான் சோம்பேறி இல்ல."

"சரி சார். லாரி வருது, வண்டிய கொஞ்சம் ஓரமா எடுங்க."