பூஜ்ஜியத்தில் நின்ற மீட்டர்

மூண்டா என்ற கடலோர ஊரில் லெஸ்டர் ட்ரெம்பாத்திடம் பழுதுபார்க்கப் போன வேகமானி பூஜ்ஜியத்தோடுதான் திரும்பி வரும். முள்ளும் பூஜ்ஜியத்தில், ஓடிய மைலும் பூஜ்ஜியத்தில். பழைய மோட்டார் சைக்கிள்காரர்களிடம் அது எழுதாத சட்டம். ஐந்து சைபர்களைப் பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று நம்புவார்கள். அந்தப் பழக்க தோஷம் ஒருநாள் லெஸ்டரின் கழுத்தைப் பிடித்தது.

நாற்பத்திரண்டு வயதுவரை அவர் மின்சார மீட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நாலு வீடு தள்ளியிருந்த க்ளெம் பாஸ்கோ தன் 1951 பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளின் வேகமானியைக் கழற்றிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

“ஊர் மீட்டரையெல்லாம் பாத்தவன் நீ. இது அதுக்குத் தம்பி மாதிரி. பாரு.”

“கெடுத்துட்டேன்னா?”

“இப்ப மட்டும் நல்லாவா இருக்கு?”

லெஸ்டர் கெடுக்கவில்லை. சைபர் வைக்கிற வழக்கம் அன்று அவருக்குத் தெரியாது. மைல் எண்ணை இருந்தபடியே விட்டுவிட்டார். அதன்பின் பழைய வண்டிகள் கூடும் இடத்திலெல்லாம் க்ளெம் அந்த வேகமானியைக் காட்டி லெஸ்டரின் பெயரைச் சொன்னார். பெர்த்திலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் பொட்டலங்கள் வரத் தொடங்கின. துணி துவைக்கும் அறை பட்டறையாயிற்று. துவைக்கும் மெஷின் பின்வாசலுக்குப் போனதை மனைவி மவ்ரீன் இருபது வருடமாகச் சொல்லிக் காட்டுகிறார். க்ளெமால்தான் தன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று லெஸ்டர் எல்லோரிடமும் சொல்வார். க்ளெமிடம் மட்டும் சொன்னதில்லை. அந்த ஊர் ஆண்களுக்கு அதெல்லாம் வாயில் வராது.

க்ளெம் இறந்து நாலு வருடம் கழித்து, அவர் மனைவி ஆட்ரி அதே வேகமானியைப் பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து, வண்டியைச் சரிசெய்ய வந்த மோட்டார் சைக்கிள் சங்கத்து ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். உப்புக்காற்றில் முகப்பு பொரிந்து கிடந்தது. லெஸ்டர் விளிம்பு வளையத்தை நெம்பி எடுத்தார். பற்சக்கரங்களைக் கழுவி, ஊசிமுனையால் எண்ணெய் தொட்டு வைத்தார். முகப்பில் எண்களைப் புதிதாக எழுதினார். டிரில் மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். முள் முப்பதில் ஆடாமல் நின்றது. மைல் சக்கரங்களைச் சைபருக்குத் திருப்பி, வளையத்தை மடித்து மூடினார்.

திரும்ப டப்பாவில் வைக்கலாமென்று பழைய பஞ்சை உதறியபோது ஒரு காகிதம் விழுந்தது. ‘லெஸ், நம்பரை மட்டும் தொடாதே. க்ளெம் விட்டுட்டுப் போனபடியே இருக்கட்டும். ஆட்ரி.’

லெஸ்டர் பழைய எண்ணை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். எண் ஆறில் தொடங்கியது. அதற்குமேல் ஒன்றும் ஞாபகமில்லை.

“அறுபதாயிரத்துச் சொச்சம் ஏதோ ஒண்ணப் போட்டுக் குடுங்க,” என்றார் மவ்ரீன். “எண்பத்தோரு வயசுல அவங்க அதையா உத்துப் பாக்கப் போறாங்க?”

“யாருக்கும் தெரியாதுதான்.”

“அப்புறம் என்ன?”

“எனக்குத் தெரியுமே. க்ளெம் வண்டியில போய்ப் பொய்யை எழுதச் சொல்றியா?”

மறுநாள் காலை டப்பாவோடு போனார். ஆட்ரி அடுப்பிலிருந்து, கறி அடைத்துச் சுட்ட பேஸ்டித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“உக்காருடா. சூடா இருக்கு, சாப்பிட்டுட்டுப் பேசு.”

“இல்ல ஆட்ரி, மொதல்ல சொல்லிடறேன். நம்பரை அழிச்சுட்டேன். உங்க சீட்ட அப்புறம்தான் பாத்தேன். என்ன நம்பர்னும் ஞாபகமில்ல.”

ஆட்ரி தட்டைக் கீழே வைத்தார். “ஏதாவது ஒண்ணப் போட்டுக் கொண்டுவரத் தோணலையா?”

“தோணிச்சு.”

“அப்புறம்?”

“கை வரல.”

“அறுபத்தோராயிரத்து நானூத்தி ஏழு,” என்றார் ஆட்ரி. “நாலு வருஷமா தினம் டீயை எடுத்துக்கிட்டு வண்டி நிக்கிற கொட்டகைக்குப் போய் அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். எனக்கு மறக்குமா? நீ மட்டும் வேற எதையாவது போட்டிருந்தே, இந்த டப்பாவாலயே மண்டையில போட்டிருப்பேன்.”

லெஸ்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பேஸ்டியை எடுத்துக் கடித்தார்.

அன்று மதியமே வளையத்தை மறுபடி நெம்பி, 61407 வைத்து மூடி, வண்டியில் மாட்டினார். இஞ்சினைச் சங்கத்து ஆட்கள் முன்பே தயார்செய்திருந்தார்கள். ஆட்ரி ஹெல்மெட்டோடு வந்து, வண்டியின் பக்கத்தில் பூட்டியிருந்த சைட்காரில் ஏறி உட்கார்ந்தார்.

“ஆட்ரி, ஓட்டினா நம்பர் மாறிடுமே!”

“மாறணும்னுதானே ரிப்பேருக்கே குடுத்தேன்? அந்த மனுஷன் விட்ட எடத்துலேருந்து கெளம்பணும், சைபர்லேருந்து இல்ல. போர்ட் ஹியூஸ் கடற்கரை வரைக்கும் விடு. கடைசி ஏழு எட்டு ஆகும்போது சத்தமா சொல்லு.”

ஊர் எல்லை தாண்டியபோது மீட்டரில் கடைசி எண் சக்கரம் மெதுவாகப் புரண்டது.

“எட்டு!” என்று கத்தினார் லெஸ்டர். கண் கலங்கியது. இருபது வருடமாக வாயில் வராததும் கூடவே வந்துவிட்டது. “ரொம்ப தேங்க்ஸ், க்ளெம்!”

“அவருக்குக் கேட்டிருக்கும்,” என்றார் ஆட்ரி. “நீ ரோட்டைப் பாரு.”