வாணலிச் சோறும் இதயப் படம் போட்ட டப்பாவும்

எனக்கு மாரடைப்பு வருவதற்கு முன் வலித்தது பல். இடது கீழ்த்தாடையில் தொடங்கி காதுவரை இழுத்துப் பிடிக்கும். மாவு ஆட்டும்போதும் குடம் தூக்கும்போதும் வரும். சற்று உட்கார்ந்தால் போய்விடும். ஆந்திர எல்லையில் எங்கள் புத்தூரில் பல் பார்க்கும் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். நல்ல பல். வலி அடுத்த வாரமே திரும்பி வந்தது.

பிறகு முதுகு வலித்தது, குப்பென்று வியர்த்தது. எங்கள் பக்கத்து டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "கேஸ்தாம்மா, உருளைக்கெழங்க தள்ளிடு" என்று சொல்லி ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். அதே மாதம் என் கணவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு அதே டாக்டரிடம் போனார். அவருக்கு உடனே இ.சி.ஜி. (இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரையும் சோதனை) எடுத்தார்கள். அவருக்கு இருந்தது கேஸ். எனக்கு இருந்தது இதய நோய்.

ஒரு காலை நேரம் அடுப்படியிலேயே சரிந்தேன். பக்கத்து வீட்டு வேனில் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தி அடைப்பைப் படம் பிடிப்பது) செய்து, ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் கம்பி வலைக்குழாய்) வைத்தார்கள். பிழைத்தேன். இதுவரை எல்லோருடைய கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அதில்தான் மறுபடியும் சாக இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் உணவு ஆலோசகர் வந்தார். சின்ன வயதுப் பெண். என் கட்டிலருகே நின்றுகொண்டு என் கணவரிடம் தெலுங்கு கலந்து பேசினார். "சார், மேடத்துக்கு நெய்யி, வெண்ணெ, டால்டா ஏமீ வத்து. ஆயில் தக்குவ." (எதுவும் வேண்டாம், எண்ணெய் குறைவு.) இவர் தலையாட்டினார். பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சினைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுவார். வீட்டில் அடுப்பை ஒருநாளும் பற்றவைத்தவரில்லை. அவரிடம்தான் என் எண்ணெய்க் கணக்கை ஒப்படைத்தார்கள்.

அந்த வருஷம் என் தம்பி குவைத்திலிருந்து லீவில் வந்தான். அங்கே ஒரு வீட்டில் டிரைவர். கம்பளிக்கும் சோப்புக்கும் நடுவில் துணி சுற்றி மார்கரின் டப்பாக்கள் கொண்டுவந்திருந்தான். மார்கரின் என்பது தாவர எண்ணெயைக் கெட்டியாக்கி வெண்ணெய்போலச் செய்த பண்டம். மூடியில் சிவப்பாக ஓர் இதயப் படம். கீழே ஆங்கிலத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று இருப்பதாக என் மகள் படித்துச் சொன்னாள்.

"அக்கா, இது ஆர்ட்டுக்குனே செஞ்சது. அங்க பெரிய வீட்லல்லாம் இதத்தான் துன்றாங்க" என்றான் தம்பி. கடையில் வரிசை வரிசையாக இருந்தவற்றில் படத்தைப் பார்த்து, விலை கூடியதாகப் பார்த்து வாங்கியிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. படம் வரைந்து விற்றவர்கள்மேல் இருக்கிறது.

எங்கள் ஜனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மருந்து என்று சொல்லிவிட்டால் வேளை தவறக்கூடாது, அளவும் குறையக்கூடாது. மூன்று வேளையும் சோற்றிலும் இட்லியிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டேன். ஒருநாள் மறந்தால் மகள், "ஆர்ட் மருந்து போட்டுக்கினியாம்மா?" என்று கேட்பாள். மற்றவர்களுக்கு வழக்கம்போல நெய். அதைக் காய்ச்சி ஊற்றியதும் நான்தான்.

அடுத்த சோதனையில் எல்.டி.எல். (ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கெட்ட கொழுப்பு) ஏறியிருந்தது. மாத்திரை விழுங்கியும் ஏறியிருந்தது. இப்படியே போனால் இன்னொரு குழாயும் அடைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். "நோரு கட்டுக்கோவாலம்மா" என்று சிரித்தார். வாயைக் கட்ட வேண்டுமாம். பக்கத்தில் என் கணவர், "சொன்னா கேக்கறதே இல்ல சார்" என்று ஒத்து ஊதினார். அந்த வீட்டில் எல்லோரையும்விடக் கடைசியாக, எல்லோரையும்விடக் குறைவாகச் சாப்பிட்டவள் நான். தின்னிப் பட்டம் எனக்கு.

இவர் மாத்திரை வாங்கக் கீழே போன நேரத்தில் அதே உணவு ஆலோசகர் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை என்னைப் பார்த்துக் கேட்டார். "மீரு (நீங்கள்) எப்ப சாப்புடுவீங்கம்மா?"

"எல்லாரும் துன்ன பெறகு."

"என்ன சாப்புடுவீங்க?"

"மீந்தது. பொரியல் பண்ண சட்டியில எண்ண ஒட்டிக்கினு இருக்கும். அதுல சோத்தப் போட்டுப் பிரட்டித் துன்னுடுவேன். வீணாப் போவக்கூடாது இல்ல."

"வடை சுட்ட எண்ண?"

"அத நான் எனுக்குத் தாளிச்சிக்குவேன். அவங்களுக்கு வாசன புடிக்காது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டு ஆயிலையெல்லாம் ஆளுங்களால வகுத்து உங்க பங்கு இவ்ளோன்னு நான் எழுதிட்டேன்மா" என்றார். வகுத்தால் என் பங்கு குறைவுதான். ஆனால் வாணலியின் அடி முழுக்க என் பங்கு. என் அம்மா அப்படித்தான் தின்றாள், என் நாத்தனார்கள் அப்படித்தான் தின்கிறார்கள். இதை எந்தச் சோதனையிலும் யாரும் கேட்டதில்லை.

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நெய், வெண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு (பெரும்பாலும் குளிரில் உறைவது) அதிகம். அதை அளவோடு வைக்க வேண்டும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். அது இதயத்துக்கு அவ்வளவு பகையில்லை, அளவு மிஞ்சாதவரை. மூன்றாவது டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைப் பாதி கெட்டியாக்கும்போது உண்டாவது). இதுதான் விஷம். டால்டா போன்ற வனஸ்பதியிலும் பேக்கரி பப்ஸிலும் இருப்பது அதுதான். சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் கெட்டுத்தான் போகிறது.

அடுத்த முறை டப்பாவை எடுத்துப்போனேன். அவர் மூடியைப் பார்க்கவே இல்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். பாதி கெட்டியாக்கிய எண்ணெய் என்று அங்கே இருந்தது. "அப்போ கொலஸ்ட்ரால் இல்லன்னு போட்டுக்கீதே?" என்றேன். செடியிலிருந்து வரும் எண்ணெயில் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எப்போதுமே இருக்காதாம். தண்ணீர் பாட்டிலில் 'முள் இல்லாதது' என்று எழுதி விற்பதைப் போல இது. பொய் இல்லை, ஆனால் அயோக்கியத்தனம்.

என் நைனா (அப்பா) நகரிப் பக்கம் மானாவாரியில் கடலை போட்டவர். வெளிநாட்டுப் பாமாயில் வந்து இறங்கிய காலத்தில், எங்கள் காட்டுக் கடலையை மண்டியில் விற்றுவிட்டு ரேஷன் பாமாயிலில் சமைத்தோம். கடலை எண்ணெய் நெஞ்சுக்கு ஆகாது என்று டி.வி.யில் வேறு காதில் ஓதினார்கள். விதைத்தவன் வீட்டில் அந்த எண்ணெய் இல்லை. இதை நினைத்தால் எனக்கு மாத்திரையையும் மீறி ரத்தம் கொதிக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் இப்போது ஒரு கடையில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். படத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிப் பாருங்கள். 'பகுதி ஹைட்ரஜனேற்றம்' (பாதி கெட்டியாக்கியது) என்றோ வனஸ்பதி என்றோ இருந்தால் வைத்துவிடுங்கள். கட்டியாக இருப்பதைவிட டப்பாவில் இளகி இருப்பது பெரும்பாலும் மேல், ஆனாலும் படிக்காமல் வாங்காதீர்கள். உப்பு எவ்வளவு என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அது கொழுப்புதான், ரொட்டியில் லேசாகத் தடவிக்கொள்ளும் பொருள். மருந்து இல்லை. வாங்காமலே இருந்தாலும் குறையொன்றுமில்லை. நான் இப்போது வாங்குவதில்லை.

டப்பாவை மாற்றுவது சுலபம். வீட்டை மாற்றுவதுதான் கஷ்டம். எல்லோருக்கும் ஒரே சமையல், அளந்த எண்ணெய், சுட்ட எண்ணெய் குப்பைக்கு என்று சொன்னேன். இவர் தட்டைத் தள்ளிவிட்டார். "உனுக்கு நோவுன்னா நாங்கல்லாம் பத்தியம் இருக்கணுமா?"

"உங்களுக்கு பிபி வந்து எத்தினி வருசமாவுது? உங்களோட சேந்து நானும் உப்பில்லாத கொழம்பு துன்னுக்கினுதான கீறேன்? எனுக்குத் தனியா ஒரு நாளாவது வெச்சிக்கினனா?"

மகள் வாணலியை எடுத்துப்போய்ச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். அதில் ஒட்டியிருந்த எண்ணெய் மேலே மிதந்தது. யார் வயிற்றுக்குள்ளும் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து எல்.டி.எல். இறங்கியது. டாக்டர் மாத்திரையைப் பாராட்டினார். நான் திருத்தவில்லை, அவருக்கு நேரமில்லை.

உடம்பு இப்போது பழைய உடம்பு இல்லை. மாடிப்படி பாதியில் நின்று அது என்ன சொல்கிறது என்று கேட்கிறேன். முன்பெல்லாம் பகல் என்பது மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரம். பசி எனக்கு எப்போது வருகிறது என்றே தெரியாது. இப்போது பன்னிரண்டரைக்கு வருகிறது. வந்தால் உட்கார்ந்துவிடுகிறேன்.

முதல்முறை அப்படி உட்கார்ந்த அன்று வீட்டுக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. சோற்றில் ஆவி பறந்தது. ரசத்தை ஊற்றி ஒரு வாய் வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் வைத்துவரும் ரசம். அது சூடாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாக்கு சுட்டது. கோபத்தில் கண்ணீர் வந்தது. இதற்கு ஒரு மாரடைப்பு தேவைப்பட்டிருக்கிறது. இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.