பந்து உள்ளே விழுந்தால் மொட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நானும் டில்லியும் திருப்பதி பஸ் ஏறினோம். பிள்ளைகளே, உங்கள் டில்லி மாமாதான். புத்தலப்பட்டுக்கு இருபது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். வழியெல்லாம் அவன் ஜன்னல் கண்ணாடியில் தன் தலையையே பார்த்துக்கொண்டு வந்தான். முதல் நாள்தான் டை அடித்திருந்தான். வியாழக்கிழமை அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா திருப்பதியில் ஓய்வுபெற்ற வாத்தியார், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் போட்டோவுக்கு நிற்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும் என்பது டில்லியின் கவலை.

ஆறேகால் மணிக்குப் புத்தலப்பட்டில் இறங்கியபோது எங்கள் நண்பன் முனிரத்தினம் ரோட்டிலேயே காத்திருந்தான். அவன் பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் எட்டு வருஷம் புல் வெட்டியவன். அங்கே கழித்துப்போட்ட நான்கு மட்டைகளையும் ஒரு பை பந்துகளையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். கோடையில் அவன் ஊர் ஏரி வற்றியதும் தரையில் மூன்று பெயிண்ட் டப்பாக்களைப் புதைத்து, பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுவான். அதுதான் எங்கள் மைதானம். யார் குறைந்த அடியில் பந்தை டப்பாவுக்குள் போடுகிறாரோ அவருக்கு வெற்றி. முனிரத்தினம் ஒரு கட்சி. ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் நானும் டில்லியும் ஒரு கட்சி. ஐந்து ஞாயிறாக எங்களுக்குத்தான் தோல்வி.

எட்டு மணிக்குக் கடைசி டப்பா. அதுவரை கட்சிக்கொன்று ஜெயித்திருந்தோம். முனிரத்தினம் நான்கே அடியில் போட்டுவிட்டான். நாங்கள் இரண்டு அடித்திருந்தோம். மூன்றாவதிலேயே விழுந்தால் வெற்றி. ஆனால் பந்து முள்புதர் ஓரமாகக் கிடந்தது. டப்பா முப்பது மீட்டர் தூரத்தில். நடுவே ஒரு பாறை.

“சேகரு, இன்னா யோசிச்சிக்கினு கீற? அட்ச்சி வுடு!” என்றான் டில்லி.

“அவன் அட்ச்சா சித்தூர்ல போய் வுழும். பஸ்ல போய் எட்த்துக்கினு வாங்க” என்றான் முனிரத்தினம்.

நான் மட்டையை ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து டில்லி திருமலை இருக்கும் திசையில் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

“ஏழுமலையானே! இது உள்ள வுழுந்தா மொட்டை!”

பந்து பட்டதே கையில் தெரியவில்லை, அவ்வளவு லேசாகக் கிளம்பியது. நேரே போய்ப் பாறையின் உச்சியில் மோதி, பக்கவாட்டில் துள்ளி, காய்ந்த சேற்று வெடிப்புகளின் மேல் தத்தித் தத்தி உருண்டு, டப்பாவுக்குள் ‘டணங்’ என்று விழுந்தது.

தோற்ற முனிரத்தினமே என்னைத் தூக்கிச் சுற்றினான். இறக்கிவிட்ட பிறகுதான் கேட்டான்.

“ஆமா டில்லி, மொட்டை யாருக்கு?”

டில்லியின் கை தலைக்குப் போனது. “அட்ச்சவன் இவன். இவன்தான் போடணும்.”

“இவன் தலையில இன்னா கீது, சாமிக்குக் குட்க்க? வேண்டிக்கினவன் நீ.”

“வியாழக்கெழம நிச்சயம்பா! அப்பால போட்டுக்கறேன்.”

“போட்டுக்க. யார் வேணான்னது?”

ஆனால் இட்லிக் கடையில் டில்லி பாதித் தட்டில் எழுந்துவிட்டான். “பொண்ணுக்கு நல்லது நடக்கற நேரத்துல சாமியக் காக்க வெக்கக் கூடாதுடா. கெளம்பு.”

முனிரத்தினத்துக்கு மாந்தோப்பில் வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். பத்தரைக்குத் திருப்பதி. அங்கிருந்து மலைக்கு பஸ் தொண்ணூறு ரூபாய். பகல் ஒரு மணிக்கு மொட்டை போடும் கல்யாணகட்டாவில் டில்லி தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“ஏம் மொக்கு?” என்ன வேண்டுதல் என்று தெலுங்கில் கேட்டார் முடி எடுப்பவர்.

“பந்தி லோப்பல படிந்தி” என்றான் டில்லி. பந்து உள்ளே விழுந்தது என்று அர்த்தம்.

கத்தி நின்றுவிட்டது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கத்தியைக் கீழே வைத்துச் சிரித்தார். அடித்தவனும் சும்மா இருக்கக் கூடாது என்று அடுத்து நான் உட்கார்ந்தேன். என் தலையைப் பார்த்தவர், “மீதி அப்புடே அயிபோயிந்தி கதா!” என்றார். உங்களுடையது முன்பே ஆகிவிட்டதே என்கிறார்!

வெளியே வந்து டில்லி வாத்தியாருக்கு போன் போட்டான். பந்து, பாறை, வேண்டுதல் எல்லாவற்றையும் சொல்லி, “மன்னிச்சிக்கணும் சம்பந்தி” என்று முடித்தான்.

“அப்ப போட்டோல நான் ஒருத்தன் மட்டும் முடியோட நிக்கணுமா?” என்றது வாத்தியாரின் குரல். “நானும் மலைக்கு வந்து ரெண்டு வருஷமாவுது. அங்கியே இருங்க, வரேன்.”

ஐந்தரை மணிக்கு மூவரும் கீழே இறங்கும் பஸ்ஸில் ஏறினோம். இத்தனை வருஷத்தில் உங்கள் நைனாவான நான் எத்தனையோ தடவை மலைக்குப் போயிருக்கிறேன். இப்படி வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு இறங்கியது இதுதான் முதல் தடவை. மூன்றாவது வளைவில் வாத்தியார், “அந்த மட்டைய எப்பிடிதான் புடிக்கணும்?” என்று கேட்டார். நான் எழுந்து, அவர் குடையை வாங்கி ஓங்கிக் காட்டினேன்.

“கூர்ச்சோண்டி!” என்று உட்காரச் சொல்லி அதட்டினார் கண்டக்டர். மூன்று மொட்டைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.