நாற்பத்தொன்றாம் எண் குப்பி

எங்கள் நடைபாதையின் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. ஒரு பக்கம் பல்கலைக்கழகம், மறுபக்கம் நான் வேலை செய்யும் கம்பெனி. பேராசிரியர் ஹெங்க் கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள் தொங்கும். கதவைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது நீல அட்டையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுப் பச்சையை வெளியே எடுப்பார். திரும்பிப் போகும்போது பச்சை உள்ளே போகும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கத்தில் நான் யார் என்பது எனக்கே நினைவிருக்க வேண்டும்" என்றார்.

கம்பெனியில் மொத்தம் ஒன்பது பேர். ஹெங்கின் ஆய்வகம் கண்டுபிடித்ததை விற்பனைக்கு உரிய பொருளாக மாற்றுவது எங்கள் வேலை. சிறுநீரகம் கெடத் தொடங்குவதை, உடம்பில் எந்த அறிகுறியும் தெரிவதற்கு முன்பே, ஒரு காகிதப் பட்டையில் காட்டிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகத்திடம் அறிவு இருந்தது, பட்டை செய்யும் இயந்திரம் இல்லை. எங்களிடம் இயந்திரம் இருந்தது. இருவரிடமும் இல்லாதது வெயிலில் வேலை செய்கிறவர்களின் ரத்தம். காஞ்சிபுரத்தில் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்த நான், கணவரின் வேலையை ஒட்டி இங்கே வந்து, படிவங்கள் மொழிபெயர்க்கச் சேர்ந்தவள். ஒருநாள் மதிய ரொட்டியின்போது, எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடவுப் பெண்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். ஒதுங்க மறைவு கிடையாது, அதனால்தான் என்றேன். ஹெங்க் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்படித்தான் உத்திரமேரூர் பக்கத்தில் என் ஊருக்கே ரத்தம் எடுக்கும் முகாம் போனது. மாவட்டத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்று ஊசி, குளிர்ப்பெட்டி, ஆட்கள் என்று உதவியது. மார்கழி, நவரைப் பட்டத்து நடவு நேரம். பஞ்சாயத்துக் கட்டடத்தில் மேசை போட்டோம். காலனிப் பெண்கள் வந்து கதவோரம் நின்றார்கள். நடவுக் கூட்டத்துக்குத் தலைவி கன்னியம்மா. எங்கள் நிலத்திலும் நட்டவள்தான். சின்ன வயதில் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்றாலும். அன்றைக்குத்தான் முதல்முறையாக 'அக்கா' என்றேன். எனக்கு அவள் கையெழுத்து வேண்டியிருந்தது.

"ரத்தத்த எடுத்துக்கினு போயி சீமையில இன்னாம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"டெஸ்ட் பண்ணுவாங்கக்கா. கிட்னி நல்லா இருக்கான்னு."

"நல்லா இல்லன்னா எங்களுக்கு சொல்லுவாங்களா?"

"நானே சொல்றேன்" என்றேன்.

படிவத்தில் அதற்கு நேர் எதிராக இருந்தது. 'தனிநபர் முடிவுகள் பங்கேற்பாளர்களுக்கு வழங்கப்படமாட்டா.' அந்த வரியைத் தமிழில் எழுதியவளே நான். படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் என் குரல் வேகமெடுத்தது. இன்னொரு தவறும் செய்தேன். குப்பிகளின் மேல் எண் மட்டும்தான் இருக்க வேண்டும், பெயர் எங்கள் கைக்கு வரவே கூடாது. நிருபர் புத்தி விடவில்லை. யார் எந்த எண் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டாம் நாள் நான் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அன்றைய பெயர்களைக் கல்லூரிப் பெண் சொல்லச் சொல்ல, மாலையில் எழுதினேன். நாற்பத்தொன்று, கன்னியம்மா.

பத்து மாதம் கழித்து, இங்கே மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தபோது, முடிவுகள் வந்தன. நாற்பத்தொன்றின் பட்டை கருத்திருந்தது. கருத்தால், சிறுநீரகம் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். கம்பெனி நிர்வாகி மரைக்கேயிடம், அந்த ஆளுக்குத் தெரிவிக்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் கெட்டவள் அல்ல. பட்டை சரியாகச் சொல்கிறதா என்பதே இன்னும் நிரூபணமாகவில்லை, அதை வைத்து ஒரு பெண்ணைப் பயமுறுத்துவது நியாயமா என்றாள். காப்புரிமை விண்ணப்பம் முடியும்வரை ஒரு எண்கூட வெளியே போகக்கூடாது என்று இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம் என்றும் சொன்னாள். இரண்டில் எது முதல் காரணம் என்று நான் கேட்கவில்லை. ஹெங்கிடம் போனேன். பச்சை அட்டை வெளியே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டார், பதில் சொல்லாமல் எழுந்து கதவைத் தாண்டிப் போய்விட்டார். எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் அப்படி எழுந்து போனால், உன் இஷ்டம், என்னைக் கேட்காதே என்று பொருள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இங்கே அதற்குப் பேச்சு முடிந்தது என்பது மட்டுமே பொருள் என்று பின்னால் தெரிந்தது.

ஞாயிறு காலை கன்னியம்மாவைத் தொலைபேசியில் பிடித்தேன். பயப்படாதீர்கள், ஆனால் உடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பாருங்கள் என்றேன். மூன்று நாள் வேலையை விட்டுவிட்டுப் போய்வந்தாள். "ஒண்ணுமில்லன்ட்டாங்கம்மா. டாக்டரு என்னெ மேலயும் கீழயும் பாத்துட்டு, நீ இன்னும் நாலு ஊரு நடலாம் போன்னு சொல்லிட்டாரு" என்று சிரித்தாள். பட்டைதான் தவறு, மரைக்கே சொன்னது சரி என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. குறிப்பேட்டில் அந்தப் பெயரை அடித்தேன்.

ஜூனில் ஊருக்குப் போனபோது, கன்னியம்மாவின் கொழுந்தன் மனைவி எஸ்தர் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸுக்குப் போகிறாள் என்றார்கள். எஸ்தர் முகாமுக்கு வந்ததாகவே என் குறிப்பேட்டில் இல்லை. பார்க்கப் போனேன். வாசலில் கன்னியம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை ஓரமாக வைத்தாள். அவளாகவே சொன்னாள்.

"நீங்க ரத்தம் எடுத்த அன்னிக்கு ஏரிக்கர கீழ நடவு. நான் போவலன்னா கூட்டம் எறங்காது. இவுளுக்கு ரெண்டு நாளா முடியல, வூட்லதான் இருந்தா. எம் பேர சொல்லிட்டு ஒக்காருடின்னு அனுப்ச்சேன். நூறு நாள் வேலைக்கு அப்பிடித்தான போறோம். ஒருத்திக்கு முடியலன்னா இன்னொருத்தி."

ஆள் கணக்கு குறையக் கூடாது. மாற்றாள் அனுப்புவது அவர்களிடம் நாணயமான வழக்கம். வாக்குக் கொடுத்தால் யாரையாவது அனுப்பியாவது காப்பாற்றுவார்கள். எனக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"நான் போன் பண்ணப்போ இது தோணலையாக்கா?"

"நீ எம் பேர சொன்ன. என்னத்தான் சொல்றன்னு ஓடுனேன். அப்பால ஒருநா இவ காலு வீங்குச்சு. அப்பதான் தோணுச்சு, ரத்தம் குடுத்தது இவதானன்னு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே கட்டிலில் படுத்திருந்த எஸ்தர்தான் பேச்சை எடுத்தாள்.

"அந்த ரத்தம் இன்னும் அங்கயே கீதாம்மா?"

"இருக்கு. கெடாம குளிர்ல வச்சிருக்காங்க."

"பாரு," என்றாள் கன்னியம்மாவிடம், "இங்க கீறத வாரத்துக்கு ரெண்டு தபா கழுவுறாங்க. அங்க கீறது அப்பிடியே கீதாம். நான் வேல செஞ்சிக்கினு இருந்தப்போ எடுத்தது."

கன்னியம்மா, "அப்ப அத வாங்கியாரச் சொல்லு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். எஸ்தருக்கு ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் குடிக்க வழியில்லாதிருந்தவள், இப்போது குடிக்கக் கூடாதவள்.

திரும்பி வந்து, பல்கலைக்கழகப் பக்கம் நீல அட்டையோடு உட்கார்ந்திருந்த ஹெங்கிடம் எல்லாவற்றையும், குறிப்பேடு உட்படச் சொன்னேன். "அப்படியானால் நாற்பத்தொன்று சரியாகத்தான் காட்டியிருக்கிறது" என்றார். ஒரு கணம் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை அவரே உணர்ந்து மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இதை எங்கேயும் பதிவு செய்ய முடியாது, பெயர் உனக்குத் தெரிந்திருக்கவே கூடாது என்றார். திருத்தவும் ஒன்றுமில்லை. கம்பெனிக்குத் தெரிந்ததெல்லாம் எண், எண்ணில் பிழையே இல்லை. என் வேலை போகுமா என்று கேட்டேன். அதை மறுபக்கத்தில் தீர்மானிப்பார்கள் என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. உறைபெட்டியைத் திறந்து நாற்பத்தொன்றைத் தேடி எடுத்தேன். அரை விரல் நீளக் குப்பி. கையுறையைத் தாண்டிக் குளிர் உள்ளங்கையைச் சுட்டது. ஊரில் அப்போது பிற்பகல், எஸ்தர் செங்கல்பட்டில் கையை நீட்டிப் படுத்திருக்கும் நேரம். கதவு அதிக நேரம் திறந்திருந்ததால் பெட்டி கத்தத் தொடங்கியது. மரைக்கே ஓடிவந்து, எதையாவது தேடுகிறாயா என்று கேட்டாள்.

"இல்லை, எங்கள் ஊர்க்காரர் ஒருவரை" என்றேன்.

அவள் திரும்பி, யாருமில்லாத நடைபாதையைப் பார்த்தாள்.